சுழற்சி முறையும் மலைப் பேருந்தும்

2020 நவம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு, கல்லூரிகளை மறுபடி திறப்பதற்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. ஒரே நேரத்தில் பாதி மாணவர்களுக்கு மேல் வளாகத்தில் இருக்கக் கூடாது. விடுதிகளை மிகவும் தேவைப்படும் இடத்தில் மட்டும் திறக்கலாம். ஓர் அறைக்கு ஒருவர்தான். நேரில் வர விரும்பாத மாணவர் வீட்டிலிருந்தே இணைய வழியில் படிக்கலாம். கள்ளக்குறிச்சியில் எங்கள் ஆசிரியர் அறையில் அதை வாசித்தபோது யாரையும் நெருக்காத, நிதானமான ஏற்பாடாகவே பட்டது. அதில் சலுகை என்று சொல்லப்பட்ட அந்தக் கடைசி ஏற்பாடுதான் கல்வராயன்மலைப் பிள்ளைகள் பலரைக் கல்லூரியிலிருந்து தள்ளி வைத்தது.

நெறிமுறைகளை எழுதியவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. நோய் உண்மையானது. கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்கள் வழியாக 2020 மே மாதம் எங்கள் மாவட்டத்தில் தொற்று பரவியதைப் பார்த்தவர்கள் நாங்கள். அப்போது மாவட்டம் பிறந்தே அரை வருடம்தான் ஆகியிருந்தது. அந்த டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விடுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று என்ற செய்தி வந்தபோது, சர்க்கரை, ரத்த அழுத்தம் என்று மாத்திரையோடு வாழும் எங்கள் மூத்த ஆசிரியர்களின் முகம் மாறியது. வகுப்பறையில் அறுபது பேருக்கு நடுவே நின்று பேச வேண்டியவர்கள் அவர்கள்தான். 2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த மாதம் நாங்கள் எழுதிய இரங்கல் செய்திகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஆகவே கட்டுப்பாடு தேவையா என்பது என் கேள்வியே இல்லை. தளர்த்தும்போது எதை முதலில் தளர்த்துவது, யாரை மனதில் வைத்துத் தளர்த்துவது என்பதுதான்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வரை சமவெளி. கோமுகி அணையைத் தாண்டியதும் சாலை மலையேறத் தொடங்குகிறது. மேலே கரியாலூர், வெள்ளிமலை, இன்னாடு, சேராப்பட்டு, அவற்றைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் சிற்றூர்கள். ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து இந்த மலை 1976-ல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. சாலை, பள்ளிக்கூடம், மின்சாரம் எல்லாமே கீழே வந்து பல காலம் கழித்துத்தான் இங்கே ஏறின. செல்பேசி கோபுரமும் அப்படித்தான். மலையாளி பழங்குடிக் குடும்பங்களிலிருந்து எங்களிடம் வரும் மாணவர்களில் பெரும்பாலோர் தங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆட்கள்.

2021 ஜனவரியில் தமிழக அரசு, கல்லூரி மாணவர்கள் 9.69 லட்சம் பேருக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டாவை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. நல்ல திட்டம், கீழே பல பிள்ளைகளுக்கு உதவியது. மேலே ஒரு மாணவி என்னிடம் சொன்னது இது: "டேட்டா இருக்கு சார். டவர்தான் கிடைக்க மாட்டேங்குது." ஊருக்கு வெளியே மேட்டில் ஒரு புளியமரத்தடியில் இரண்டு கோடு வருமாம். அங்கே நின்றுதான் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பாள். மழை வந்தால் போச்சு. வேலை நாளில் மரத்தடியில் செல்பேசியும் கையுமாக நிற்கும் பெண்பிள்ளையை ஊர் என்ன பேசும் என்பதை அவள் சொல்லவில்லை. அடுத்த வாரம் போனில் பேசிய அவள் அப்பா சொன்னார்.

கல்லூரி திறப்பதும் மூடுவதுமாகவே இருந்தது. 2020 டிசம்பரில் இறுதியாண்டுக்கு மட்டும், 2021 பிப்ரவரி 8 முதல் அனைவருக்கும், மார்ச் கடைசியில் மறுபடி ஆன்லைன், இரண்டாம் அலை, செப்டம்பர் 1-ல் திறப்பு, 2022 ஜனவரியில் ஒமைக்ரானால் மூடல், பிப்ரவரி 1-ல் மீண்டும் திறப்பு. திறந்த காலங்களிலும் சுழற்சி முறை: வகுப்பை இரண்டாகப் பிரித்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பாதிப் பேர். டவுனில் வீடு இருப்பவனுக்கு இது சுகமான ஏற்பாடு. சின்னசேலத்திலிருந்தோ சங்கராபுரத்திலிருந்தோ பஸ்ஸில் வருபவளுக்கும் சமாளிக்கக் கூடியது. மலைப்பிள்ளைக்கு அப்படியல்ல. வாரத்தில் மூன்று நாள் வகுப்பு என்றாலும் ஆறு நாளும் கீழே தங்க ஓர் இடம் வேண்டும். காலையில் இறங்கும் பேருந்தைத் தவறவிட்டால் அன்றைய வகுப்பு இல்லை; மாலையில் ஏறும் பேருந்தைத் தவறவிட்டால் இரவுக்கு இடமில்லை. ஓர் அறைக்கு ஒருவர் என்றால் விடுதியில் நான்கில் ஒரு பங்கு பேருக்குத்தான் இடம் கிடைக்கும். பல ஊர்களில் விடுதிக் கட்டடங்கள் கொரோனா சிகிச்சை மையங்களாகவும் மாறியிருந்தன. வகுப்பறையைத் திறந்த ஆணை எல்லோர் கைக்கும் உடனே வந்தது. விடுதி எப்போது திறக்கும், எத்தனை பேருக்கு என்ற கேள்விக்குத் தெளிவான பதில் வர வாரக்கணக்கில் ஆனது. அதற்குள் தந்தைமார் முடிவெடுத்துவிட்டார்கள்.

என்ன முடிவு என்பது மலையின் பருவத்தைப் பொறுத்தது. தை, மாசியில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்க ஆள் வேண்டும். ஜவ்வரிசி ஆலைக்கு லோடு போகும் நேரம். கடுக்காய் பொறுக்கவும் காய வைக்கவும் கை வேண்டும். அதுவும் போதாத குடும்பங்கள் கேரளாவுக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போகும். வீட்டில் சும்மா இருக்கும் பையன் கூடப் போவான். பெண்ணாக இருந்தால் வேறு பேச்சு தொடங்கும்.

கட்டுப்பாடுகளில் ஒன்றை மட்டும் நான் மனமாரப் பாராட்டுவேன். 2021 செப்டம்பரில் கல்லூரி திறந்தபோது ஆசிரியர்களும் பணியாளர்களும் 18 வயது நிரம்பிய மாணவர்களும் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்றார்கள். முகாம்களை வளாகத்துக்குள்ளேயே நடத்தினார்கள். மலையில் அப்போது ஊசி என்றால் பயம். போட்டால் காய்ச்சலில் படுத்துவிடுவோம், வேலைக்குப் போக முடியாது என்பது முதல், சொல்லத் தகாத வதந்திகள் வரை உலவின. கல்லூரியில் ஊசி போட்டுக்கொண்டு இரண்டு நாள் கழித்து வழக்கம்போல் விறகு சுமந்த பிள்ளையைப் பார்த்துத்தான் பல அம்மாக்கள் முகாமுக்கு வந்தார்கள். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிச் செய்த வேலைக்கு அந்த மாணவர்கள் துணை நின்றார்கள். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானியைப் பற்றி அவ்வளவு உயர்வாகச் சொல்ல முடியாது. காலையில் நடந்து, பஸ் பிடித்து, வேகாத வெயிலில் வந்தவனுக்கும் காய்ச்சல்காரனுக்கும் வித்தியாசம் தெரியாமல் அது காட்டிய எண்ணை நாங்கள் நாள்தவறாமல் பேரேட்டில் எழுதினோம்.

2022 ஜனவரியில் செமஸ்டர் தேர்வுகளை ஆன்லைனில் நடத்துவதாக உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி அறிவித்தார். மாணவர்கள் போராடிக் கேட்டதுதான். அந்த நேரத்தில் வேறு வழியும் இல்லை. வீட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, குறித்த நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். மலையிலிருந்து சிலர் தேர்வு நாட்களில் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வந்து, தெரிந்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதினார்கள். திண்ணை கொடுத்த அந்த வீட்டுக்காரர்களுக்கு எந்த நெறிமுறையும் இல்லை. அவர்களாகவே செய்தார்கள், ஒரு வீட்டில் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடும் போட்டார்கள்.

பிறகு தளர்வுகள் வேகமாக வந்தன. சுழற்சி முறை போனது, இடைவெளிக்காகத் தள்ளிப் போட்ட பெஞ்சுகள் பழைய இடத்துக்கு வந்தன. ஏப்ரல் 2022-ல் ஐ.ஐ.டி. வளாகத்தில் மறுபடி தொற்று கூடியதும் முகக்கவசம் இல்லாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று அரசு நினைவூட்டியது. அதுவும் நாளடைவில் அடங்கியது. வளாகம் நிறைந்தது. வருகைப் பதிவேட்டில் மலை ஊர்ப் பெயர்களுக்கு எதிரே மட்டும் கோடுகள் நீண்டன. ஒரு மாணவனைத் தேடிப் பிடித்துப் போனில் பேசினேன். குடகில் மிளகுத் தோட்டத்தில் இருந்தான். வா என்றேன். "அட்வான்ஸ் வாங்கிட்டோம் சார், சீசன் முடியணும்" என்றான். சீசன் முடிந்தும் அவன் வரவில்லை. புளியமரத்தடி மாணவி வந்தாள். ஒரு வருடம் பின்தங்கி, அரியர்களை எழுதி, பட்டம் வாங்கினாள். அவள் அப்பாவை நானும் துறைத் தலைவரும் நேரில் போய்ப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது.

தளர்வை எல்லோருக்கும் ஒரே நாளில் அறிவித்தால் அது எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்துவிடாது. முதலில் திறந்திருக்க வேண்டியது விடுதி. வீட்டில் தனி அறையும் சிக்னலும் உள்ளவர்கள் இன்னும் இரண்டு மாதம் ஆன்லைனில் படித்திருக்கலாம். அவர்கள் விட்டுக்கொடுக்கும் இடைவெளியில் மலைப்பிள்ளைகளை முழு வாரமும் தங்க வைத்துப் பாடம் நடத்தியிருக்கலாம். வளாகத்தில் பாதிப் பேர்தான் என்றால், அந்தப் பாதி யார் என்பதை வருகைப் பதிவேட்டின் வரிசை எண்ணுக்கு விட்டிருக்கக் கூடாது. ஆசிரியர்களுக்கும் இது ஆபத்தைக் கூட்டியிருக்காது. எண்ணிக்கை அதே பாதிதான்.

நோய் போய்விட்டதே, இப்போது எதற்கு இந்தப் பேச்சு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனமே கொரோனா அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. ஆனால் 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது எங்கள் கூட்டத்தில் எழுந்த முதல் யோசனை, பாடம் நின்றுவிடாமல் ஆன்லைனில் நடத்தலாம் என்பதுதான். மலையில் மின்சாரம் இருக்கிறதா என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்களிடம் சேர்க்கை நாளன்றே சில விவரங்களைக் கேட்டு எழுதி வைக்கிறோம். வீட்டில் சிக்னல் வருமா. பஸ் நிற்கும் இடத்துக்கு எவ்வளவு தூரம் நடக்க வேண்டும். விடுதி மூடினால் கீழே தங்க யார் வீடு இருக்கிறது. கடைசிக் கேள்விக்கு மலைப்பிள்ளைகள் பெரும்பாலும் இடத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்தப் பெயர்களைத் தனித்தாளில் எடுத்து எழுதி முதல்வர் அறையில் கொடுத்து வைத்திருக்கிறோம். கல்லூரி எதற்காக எப்போது மூடினாலும், திறக்கும் நாளில் முதலில் போன் செய்ய வேண்டியவர்கள் அவர்கள்.