பேப்பர் நனையக் கூடாது

வண்டிக்குள் ஏறினாலே பெட்ரோல் வாடை. கண்ணாடியை இறக்கினால் போய்விடுகிறதே என்று இரண்டு வாரம் அப்படியே ஓட்டிவிட்டேன். 1998ஆம் வருஷத்து மாருதி 800, கார்பரேட்டர் வண்டி. ஊரப்பாக்கத்தில் ஜிஎஸ்டி சாலையை விட்டு உள்ளே போகும் தெருவில் ஒரு தகரக் கூரை ஷெட் இருக்கிறது. சனிக்கிழமை காலை அங்கே கொண்டுபோய் நிறுத்தினேன்.

"வாடை வந்த அன்னிக்கே வந்திருக்கணும் சார்" என்றார் மெக்கானிக். பானெட்டைத் திறந்ததும் முதல் வேலையாக பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றினார். வாசலில் பீடி பற்ற வைக்கப் போனவரைத் தெருவின் அந்தப் பக்கம் அனுப்பினார். அதற்குப் பிறகுதான் பெட்ரோல் ஓஸில் கை வைத்தார்.

பழைய ஓஸை இழுத்துப் பிடுங்கப் போன பையனைத் தடுத்தார். "இழுக்காதடா தம்பி. நிப்பிள் உடைஞ்சா கார்பரேட்டரே போச்சு." பிளேடை வைத்து நீளவாக்கில் ஒரு கீறல். முருங்கைக்காயைப் பிளப்பதுபோல ஓஸைப் பிளந்து என் கையில் கொடுத்தார். வெளிப்பக்கம் புதிது போலப் பளபளப்பாக இருந்தது. உள்பக்கம் ஊறி உப்பியிருந்தது. விரலால் தேய்த்தேன், மை மாதிரி கறுப்பாக ஒட்டிக்கொண்டது. இன்னொரு துண்டு, டேங்க் பக்கத்திலிருந்து வந்தது, மடக்கினால் குறுக்கே வெடித்தது.

அவர் அதற்குச் சொன்ன காரணம் எத்தனால். 2022 ஜூனில் நாட்டின் பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால் கலந்தாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் இருபது சதவீதக் கலவை பெட்ரோல் பங்குகளுக்கு வந்தது, இப்போது எங்கே போட்டாலும் பெரும்பாலும் அதுதான். 2023 ஏப்ரல் முதல் செய்த வண்டிகளில் அதைத் தாங்கும் ரப்பர் போடுகிறார்கள். என் வண்டியின் ரப்பர் அந்தக் காலத்துப் பெட்ரோலுக்கு ஆனது. எத்தனால் அதற்குள் ஊறி உப்ப வைக்கும். வண்டி நாள்கணக்கில் நின்றால் ரப்பர் காய்ந்து வெடிக்கும். காற்றிலிருக்கும் ஈரத்தையும் எத்தனால் இழுத்துக்கொள்ளும், டேங்கின் அடியில் துரு பிடிக்கும். பங்கில் பெட்ரோல் மாறியபோது, பழைய வண்டிக்காரர்களிடம் ஓஸை மாற்றுங்கள் என்று யாரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை. இப்படிப்பட்ட ஷெட்டுகள்தான் வருகிற ஒவ்வொருவரிடமும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. பெரிய வேலை அது என்றே நினைக்கிறேன்.

இந்த வட்டாரத்துக்குக் கார்த் தொழில் புதிதல்ல. வண்டலூரைத் தாண்டினால் பெருங்களத்தூர். ஸ்டாண்டர்டு ஹெரால்டும் கெஸலும் செய்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது, 1980களின் கடைசியில் நின்றுபோனது. அங்கே வேலை பார்த்த ஒருவரிடம்தான் இந்த மெக்கானிக் பதினாறு வயதில் ஸ்பானர் பிடித்திருக்கிறார்.

புது ஓஸை எடுத்துவந்து அதன் மேல் அச்சாகியிருப்பதை என்னைப் படிக்கச் சொன்னார்: எஸ்ஏஇ ஜே30 ஆர்9. இன்ஜெக்‌ஷன் வண்டிகளுக்கான ரகம். அவற்றின் லைனில் மூன்று பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும், என் வண்டியின் பம்ப் தள்ளுவது அதில் ஒரு சிறு பகுதிதான். பிறகு எதற்கு இவ்வளவு விலையில் என்று கேட்டேன். "பிரஷருக்காக இல்ல சார். உள்ளே ஒரு லேயர் இருக்கு, அதை எத்தனால் ஒண்ணும் பண்ணாது" என்றார். சுவரில் ஆணியடித்து, கண்ணாடி மாதிரி இருக்கும் பிளாஸ்டிக் ட்யூப் துண்டு ஒன்றை மாட்டி வைத்திருக்கிறார். யாரோ சிக்கனம் பார்த்து, கொத்தனார் மட்டம் பார்க்கும் லெவல் ட்யூபைப் பெட்ரோலுக்குப் போட்டிருக்கிறார்கள். மஞ்சளாகி, குச்சி போல விறைத்துக் கிடந்தது. விலை கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் அதைக் கழற்றிக் கையில் கொடுப்பாராம்.

ஓஸை பிளேடால்தான் நறுக்கினார். ஆக்ஸா பிளேடு போட்டால் ரப்பர் தூள் உள்ளே விழுந்து கார்பரேட்டர் ஜெட்டை அடைக்கும். வண்டியின் அடியில் ஓடும் இரும்புக் குழாயில், கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் சேறு தங்கித் துரு தின்றிருந்தது. அந்தப் பகுதிக்குப் புதுக் குழாயைக் கையாலேயே வளைத்து, முனையை ஃப்ளேர் அடித்தார். யூனியனை முடுக்கும்போது இரண்டு ஸ்பானர், ஒன்று பிடிக்க, ஒன்று திருப்ப. இல்லாவிட்டால் குழாய் முறுக்கிக்கொள்ளும். பையன் டெஃப்லான் டேப்பை நீட்டினான். "இங்க வேணாம். இரும்பும் இரும்பும் உட்கார்ந்துதான் அடைக்கணும்."

கிளிப் விஷயத்தில்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். கோடு வெட்டிய சாதாரண கிளிப் ரப்பரைக் கடித்துவிடும் என்று, உள்பக்கம் வழவழப்பாக, ஓரம் மடித்திருக்கும் கிளிப்பையே போட்டார். நிப்பிளில் இருக்கும் மேட்டைத் தாண்டி உட்கார வைத்து, ரப்பர் ஓரத்தில் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்திவிட்டார். எந்த மீட்டரும் கிடையாது, கட்டை விரல்தான் கணக்கு.

வண்டியை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓட விட்டார். பிறகு நியூஸ்பேப்பரை விரலளவு கிழித்து, ஒவ்வொரு இணைப்பையும் சுற்றித் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத கசிவும் பேப்பரில் எண்ணெய்த் திட்டாகத் தெரிந்துவிடுமாம். எட்டுத் துண்டு. ஏழு காய்ந்திருந்தன. ஃபில்டர் பக்கத்துத் துண்டில் கடுகளவு ஈரம். கிளிப்பைக் கழற்றி, ஓஸை அரை விரல் நறுக்கி மறுபடி போட்டார். கூடுவாஞ்சேரி வரை ஓட்டிவிட்டு, இன்ஜின் சூட்டோடு வரச் சொன்னார். திரும்பி வந்ததும் இன்னொரு எட்டுத் துண்டு கிழித்தார்.

"அடுத்த சனிக்கிழமை வாங்க. ரப்பர் உட்கார்ந்திருக்கும், கிளிப்பை ஒரு தடவை பார்க்கணும். காசு வேணாம்."

போனேன். இரண்டு கிளிப்பைக் கால் சுற்று முடுக்கினார். மறுபடியும் பேப்பர் கிழித்தார்.