ஆஸ்பத்திரியின் பயம்

வலது பக்கக் குடலிறக்கம். கேமராவை உள்ளே விட்டு, வலை வைத்து அடைக்கிற ஆபரேஷன். இப்போதெல்லாம் இது சர்வ சாதாரணம் என்றார்கள். சொன்னவர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், படுக்கப்போவது நான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆப்பிளோடு ஆளுக்கொரு கதையும் கொண்டுவந்தார்கள். எல்லாக் கதையிலும் ஒருவர் தியேட்டருக்கு 'நல்லாத்தான் நடந்து போனார்'. அதற்குமேல் சொல்லாமல், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்கள்.

கத்தியை நினைத்து நான் பயப்படவில்லை. 1846 அக்டோபரில் பாஸ்டனில் வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியைக் கொடுத்து ஒருவரை மயங்கவைக்க, அவர் கழுத்துக் கட்டிக்கு மருத்துவர்கள் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முந்தைய காலத்தில் நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கை வேகத்தை வைத்துத்தான் சர்ஜனுக்குப் பெயர். அந்தப் பயத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. என்னுடையது வேறு மாதிரி. தூங்கும்போதுகூடக் கொசு கடித்தால் கை தானாக அடிக்கப் போகும். இங்கே என் உடம்பை யார் யாரோ திருப்புவார்கள், திறப்பார்கள், மூடுவார்கள். சாட்சிக்குக்கூட நான் இருக்கமாட்டேன். ராத்திரி முழுக்க மின்விசிறியைப் பார்த்தபடி இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

விடிந்ததும் கேள்விகள் ஆரம்பித்தன. மணிக்கட்டில் கட்டிய பட்டையில் என் பெயர் இருக்கிறது, அதைப் படித்துக்கொண்டே சிஸ்டர் "உங்க பேர் என்ன சார்?" என்றார். மயக்க மருந்து டாக்டரம்மா வந்து அதையே கேட்டார். கூடவே, பல் ஏதாவது ஆடுகிறதா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, என்ன ஆபரேஷன், எந்தப் பக்கம். சர்ஜன் மார்க்கர் பேனாவால் வயிற்றில் அம்புக்குறி போட்டுவிட்டு, "வலதுதானே?" என்றார். கை வைக்கப்போகிறவருக்கே சந்தேகமா என்று எனக்கு வயிற்றைக் கலக்கியது.

டாக்டரம்மாதான் விளக்கினார். பெயரும் பக்கமும் கேட்பது, உலக சுகாதார நிறுவனம் 2008இல் கொண்டுவந்த பட்டியலில் இருக்கிறது. மொத்தம் 19 விஷயங்கள். மயக்கம் கொடுக்குமுன், தோலைக் கீறுமுன், தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவருமுன் என்று மூன்று இடங்களில் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு வாய்விட்டுச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் சோதித்தபோது, அறுவை சிகிச்சைக்குப் பின் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5இலிருந்து 0.8 ஆகக் குறைந்திருக்கிறார்கள். புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. கேட்டார்கள், அவ்வளவுதான்.

ஆக, ஆஸ்பத்திரியும் பயப்படுகிறது. என் பயம் மின்விசிறியைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது. அதன் பயம் பேனாவும் காகிதமுமாக வார்டு வார்டாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எனக்கு அது தெம்பாக இருந்தது. தைரியசாலி சர்ஜனிடம் நான் வயிற்றைக் கொடுக்கமாட்டேன்.

ஆனால் பதில் சொல்கிறவன் ஒளித்தால் இத்தனை கேள்வியும் வீண். பீடியை மறைப்பார்கள், நாட்டு மருந்தைச் சொன்னால் திட்டுவார்களோ என்று விழுங்கிவிடுவார்கள். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கும் அன்றைக்குத்தான் ஆபரேஷன். வெறும் வயிறா என்று சிஸ்டர் கேட்டபோது தலையாட்டினார். டாக்டரம்மா கேட்டபோதும் ஆட்டினார். மூன்றாவதாக வந்தவர் கேட்டதும், "காலையில ஒரு வாய் காபி..." என்றார். பால் கலந்த காபி சாப்பாட்டுக் கணக்கு; ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஆபரேஷனை மறுநாளுக்குத் தள்ளிவைத்தார்கள். அவர் வீட்டம்மா முகத்தில் கவலையே இல்லை.

"நல்லதாப் போச்சு டாக்டர், இன்னிக்கு அஷ்டமி" என்றார். பிறகு விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்கு நவமி ஆச்சே. தசமியன்னிக்கு வெச்சுக்கலாமா?"