இரண்டு ஆண்கள் பேசி முடித்தது

வெள்ளைப் பாம்புக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சீனத் தொலைக்காட்சித் தொடராகவாவது பார்த்திருப்பீர்கள். பெண் வடிவெடுத்த பாம்பு ஒன்று, ஹாங்சோ நகரின் மேற்கு ஏரிக்கரையில் ஓர் இளைஞனைக் காதலித்து மணக்கிறது. ஃபாஹாய் என்ற துறவி அவளைப் பிடித்து லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் சிறைவைக்கிறார். தொடர்களில் வில்லன் அந்தத் துறவிதான்.

எங்கள் ஒலிபரப்புக் கூடத்துக்கு அடுத்த கூடத்தில் சீன மொழி நிகழ்ச்சி படைக்கும் தோழி ஒருவர் இருக்கிறார். ஒருநாள் தேநீர் நேரத்தில் பழைய வடிவத்தை அவர் எனக்குச் சொன்னார். ஃபெங் மெங்லொங் 1624-இல் வெளியிட்ட தொகுப்பில், பிச்சைப் பாத்திரத்தை அவள் தலையில் கவிழ்த்து அழுத்துபவன் அவளுடைய கணவனே. துறவி பாத்திரத்தைக் கொடுத்து அனுப்புகிறார். பிறகு அந்தக் கணவனே நன்கொடை திரட்டி, அவள்மேல் ஏழடுக்குக் கோபுரமும் எழுப்புகிறான்.

அவன் பக்கமும் நியாயம் உண்டு. அவள் கொடுத்த வெள்ளி களவுப் பொருள் என்று தெரிந்து அவன் கைதாகிறான், வேற்றூருக்கு அனுப்பப்படுகிறான். கோபம் வந்தால் அவள் மிரட்டவும் செய்கிறாள். பயப்படாமல் என்ன செய்வான்? ஆனால் அவளுடைய முடிவு அவனும் துறவியும் பேசிய பேச்சில் எழுதப்படுகிறது. அவளுக்குத் தெரியவரும்போது பாத்திரம் தலைமேல் இருக்கிறது.

அதே தொகுப்பில் டு ஷிநியாங் என்ற கணிகையின் கதையும் இருக்கிறது. லீ ஜியா என்ற மாணவன் அவளை மீட்க 300 தேல் வெள்ளி வேண்டும். அதில் பாதியை அவளே தருகிறாள். ஊர் திரும்பும் வழியில், பக்கத்துப் படகிலிருந்த பணக்கார வணிகன் சுன் ஃபூ அவனை மது அருந்த அழைக்கிறான். “உன் அப்பா இவளை ஏற்பாரா?” என்று மெல்லப் பேச்சைத் தொடங்குகிறான். குவளைகள் காலியாகும்போது பேரம் முடிந்துவிடுகிறது: அவளுக்கு விலை 1,000 தேல். செய்தி கேட்டு அவள் அழவில்லை. விடியும் முன்னே எழுந்து அலங்கரித்துக்கொள்கிறாள். பிறகு எல்லோர் முன்னாலும் தன் நகைப்பெட்டியின் அறைகளை ஒவ்வொன்றாகத் திறந்து, முத்தையும் மணியையும் ஆற்றில் கொட்டுகிறாள். அந்த 1,000 தேல் அவற்றின் முன் ஒன்றுமே இல்லை. கடைசியில் பெட்டியை அணைத்தபடி அவளும் குதிக்கிறாள்.

இன்னும் பழையது, தாங் வம்சக் காலத்தில் யுவான் ஜென் எழுதிய யிங்யிங்கின் கதை. அவளைக் காதலித்துக் கைவிடும் சாங், அவள் எழுதிய கடிதத்தை நண்பர்களுக்குக் காட்டுகிறான். இத்தகைய அழகிகள் ஆபத்தானவர்கள் என்று விளக்கமும் சொல்கிறான். தவற்றைத் திருத்திக்கொண்டவன் என்று அக்காலத்தவர் அவனைப் பாராட்டினார்களாம்!

மூன்று கதைகளிலும் அடி, உதை இல்லை. ஓர் ஆண் இன்னோர் ஆணோடு உட்கார்ந்து பேசுகிறான். எழுந்திருக்கும்போது ஒரு பெண்ணின் வாழ்க்கை முடிவாகிவிடுகிறது.

இது எனக்கு வெறும் கதையாகப் படவில்லை. என் நெருங்கிய தோழி ஒருத்தியின் நிச்சயதார்த்தம் மண்டபம் பதிவுசெய்த பிறகு நின்றது. மாப்பிள்ளையின் உறவினர் ஒருவர் அவளைப் பற்றி எங்கோ எதையோ கேள்விப்பட்டாராம். என்ன கேள்விப்பட்டார் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது. “தப்பு செஞ்சியான்னு கேட்டிருந்தாகூட பரவாயில்லைடி, பதில் சொல்லியிருப்பேன்” என்றாள். ஊடகப் படிப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதல் பாடங்களில் ஒன்று, ஒருவர்மீது குற்றச்சாட்டு வந்தால் அவருடைய பதிலையும் கேட்க வேண்டும் என்பது. செய்திக்கு உள்ள அந்த நியதி கல்யாணப் பேச்சுக்கு ஏன் இல்லை?

சீனக் கதைகள் அப்படியே நின்றுவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. யுவான் வம்சக் காலத்தில் வாங் ஷிஃபு அதே யிங்யிங்கை நாடகத்தில் காதலனோடு சேர்த்துவைத்தார். வெள்ளைப் பாம்புக்குப் பின்னாளில் ஒரு மகன் பிறந்தான். இன்னும் பிந்தைய நாடகத்தில் அவளுடைய தோழி பச்சைப் பாம்பு திரும்பி வந்து, கோபுரத்தைத் தகர்த்து அவளை மீட்டாள். கேட்டவர்களின் மனம் ஆறவில்லை, அதனால் கதை மாறியது.

உண்மையான கோபுரமும் 1924 செப்டம்பர் 25 அன்று இடிந்தது. நல்லது நடக்கும் என்று நம்பி மக்கள் அதன் செங்கற்களைப் பல காலமாகப் பிடுங்கிச் சென்றதே முக்கியக் காரணம். பாட்டி சொன்ன கதையைக் கேட்டு வளர்ந்த எழுத்தாளர் லூ சுன், சிறுவயதில் அந்தக் கோபுரம் விழ வேண்டும் என்றே ஆசைப்பட்டதாக அவ்வாண்டே எழுதி மகிழ்ந்தார். 2002-இல் அதே இடத்தில் புதிய கோபுரம் எழுந்தது. இன்று சுற்றுப்பயணிகள் மின்படியில் ஏறிப் போகிறார்கள்.

நம் வீடுகளில் யாராவது வந்து ஒரு பெண்ணைப் பற்றி “கேள்விப்பட்டேன்” என்று தொடங்கினால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளையும் உட்காரச் சொல்லுங்கள். மிச்சப் பேச்சு அவள் முன்னால் நடக்கட்டும்.