ஒரே சைலன்சர், ரெண்டு வண்டி

எங்க தெருப் பையன். மணிக்கட்டுல மாவுக்கட்டோட ஓபிக்கு வந்தான். கட்டு, அவன் ஏத்திவிட்ட ஆர்எக்ஸ் 100 கொடுத்தது.

"சார், உங்க அப்பாவோட கைனெட்டிக் ஹோண்டா சும்மாதானே நிக்குது? என் வண்டிக்குப் போட்ட மாதிரியே அதுக்கும் எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர் போட்டுடலாமா?"

ரெண்டும் 98 சிசி, டூ ஸ்ட்ரோக், எண்பதுகள்ல வந்த வண்டிங்க. ஆனா அந்த சைலன்சர் இழுவை காட்டுறது மேல் ஆர்பிஎம்லதான். ஆர்எக்ஸ்ல 4 கியர். ஒண்ணு குறைச்சா எஞ்சின் அங்க வந்துடும். கைனெட்டிக்ல கியர் கிடையாது. எந்த ஆர்பிஎம்ல ஓடணும்னு வேரியேட்டருக்குள்ள இருக்கிற ரோலரோட எடைதான் பெரும்பாலும் முடிவு பண்ணும். அதை லேசாக்காம சைலன்சரை மட்டும் மாத்தினா சத்தம் கூடும், கிளம்புறப்போ வண்டி முன்னைவிட மந்தமாகும். லேசாக்கினா பெட்ரோல் குடிக்கும். (மெக்கானிக் அண்ணன்கிட்ட நான் படிச்ச பாடம்.)

"அது சரி, ஆர்எக்ஸ்ல பிரேக்குக்கு என்னப்பா பண்ணினே?"

ஒண்ணும் பண்ணலையாம். அதே பழைய டிரம், தேஞ்ச ஷூ. சம்பா அறுவடை நேரம், பாபநாசம் பக்கம் பாதி ரோட்டுல நெல் காயுது, அதைச் சுத்திக் கல்லு. இருட்டுல கல்லைப் பார்த்தான், வண்டி நிக்கல.

அடுத்த முறை வந்தப்போ புது பிரேக் ஷூ பாக்கெட்டைக் காட்டினான். எக்ஸ்ரேல எலும்பு நல்லா சேருது.

கைனெட்டிக் சாவி என்கிட்டதான் இருக்கு.