எரிந்த மோட்டாரின் கணக்கு

மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் கொட்டாம்பட்டியைச் சுற்றியுள்ள தோட்டங்கள் பெரும்பாலும் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியிருப்பவை. அதனால் கோடை வந்தால் இங்கே காயில் கட்டும் கடைக்கு ஓய்வே கிடையாது. நான் போன கடையில் எரிந்த வார்னிஷ் வாடை வாசல்வரை அடித்தது.

மேஜைமேல் ஒரு 5 எச்.பி. மூன்று பேஸ் மோட்டார். மெக்கானிக் இணைப்புத் தகடுகளைக் கழற்றிவிட்டு, மூன்று காயில்களையும் தனித்தனியே மீட்டரால் தொட்டார். 4.2 ஓம், 4.2 ஓம், மூன்றாவது 3.1. "இதுலதாண்ணே உள்ளுக்குள்ள ஷார்ட்" என்றார். கம்பியின் இனாமல் வெந்து சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்டால், மின்சாரம் முழுக் கம்பியிலும் ஓடாமல் நடுவிலேயே தாண்டிவிடும். ஓடும் நீளம் குறைவதால் மின்தடையும் குறைகிறது. ஓடி நின்ற மோட்டாரை அவர் உடனே அளப்பதில்லை. செம்பு 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறினால் அதன் மின்தடை கால் பங்குக்கும் மேல் கூடிவிடும்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதிப்படி, 415 வோல்ட்டை 4.2 ஓமால் வகுத்தால் 99 ஆம்பியர் வருகிறது. நல்ல மோட்டாரோ லைனில் ஏழரை ஆம்பியர்தான் இழுக்கிறது. கேட்டேன்.

"அது பேட்டரிக் கணக்குண்ணே. மோட்டார் சுத்த ஆரம்பிச்சா அதுவே எதுத்து நிக்கும்ல."

இதைவிடச் சுருக்கமாக யாரும் எனக்கு விளக்கியதில்லை. மாறுமின்சாரத்தில் காயிலின் காந்தப்புலமே மின்னோட்டத்தை எதிர்க்கிறது. ரோட்டார் சுழலச் சுழல அந்த எதிர்ப்பு முழு பலம் பெறுகிறது. அதனால்தான் கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு இழுக்கும் மோட்டார், வேகம் பிடித்ததும் அடங்குகிறது. மணல் அடைத்து ரோட்டார் நின்றுவிட்டால் அடங்காது. வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தோடு ஏறும்; ஆறு மடங்கு ஆம்பியர் என்றால் 36 மடங்கு வெப்பம்.

ஆனால் இவரிடம் வரும் மோட்டார்கள் அதிகமும் லோ வோல்டேஜில் வெந்தவை. அதே தண்ணீரை அதே உயரத்துக்கு ஏற்ற வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடித்தான் ஆக வேண்டும். ஏழரை ஒன்பதானாலே வெப்பம் 44 சதவீதம் அதிகம். இதைத் தடுக்க ஸ்டார்டரில் ஓவர்லோடு ரிலே இருக்கிறது. அது அடிக்கடி விழுகிறதென்று அதை டைரக்ட் செய்துவிடுகிறார்கள். பயிர் காயும் வேதனையில் செய்வது என்பது புரிகிறது. ஆனால் மோட்டாரைக் காக்க இருந்த ஒரே காவல் அதுதான்.

வாட் கணக்கையும் அவர் தாளில் போட்டுக் காட்டினார். 415ஐ 7.5ஆல் பெருக்கி, மூன்று பேஸுக்காக 1.73, பவர் ஃபேக்டருக்காக 0.82. ஏறத்தாழ 4,400 வாட். அதில் பம்பைச் சுற்ற வருவது 3,730 வாட், அதாவது 5 எச்.பி.; மிச்சம் பெரும்பாலும் வெப்பமாகப் போகிறது. தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம். அது அவசியமான உதவி. ஆனால் பில் வராத தோட்டத்தில் வாட்டை யாரும் எண்ணுவதில்லை. எண்ணாததற்கு விலை காயில் கட்டும் கூலியாக வருகிறது.

விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். மோட்டார் மாட்டுகிற அன்றே மெக்கானிக்கிடம் கேட்டு, மூன்று காயில்களின் ஓமையும் ஓடும்போது மூன்று பேஸிலும் இழுக்கும் ஆம்பியரையும் எழுதி ஸ்டார்டர் பெட்டிக்குள் ஒட்டிவையுங்கள். அந்த எண்கள் மாறினால், எரியும்வரை காத்திராமல் மோட்டாரை நிறுத்திவிட்டு அவரைக் கூப்பிடுங்கள்.