எனக்குத் தெரிஞ்ச ஒரே ஃபாரின், புளியரைக்கு அந்தப் பக்கம்!

டிஜிட்டல் டெஸ்க்கில் வெளிநாட்டுச் சாப்பாடு பற்றி எழுதுவது என் வேலைகளில் ஒன்று. அர்ஜென்டினாவில் பேட்டைக்குப் பேட்டை இருக்கும் கரி அடுப்பு ஸ்டேக் கடைகள், 'மீடியம் ரேர்' என்றால் இறைச்சியின் நடுப்பகுதி சுமார் 55 டிகிரி சூட்டில் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. பாஸ்போர்ட்தான் இல்லை!

லீவுக்கு கீழப்பாவூர் போயிருந்தபோது இதை அப்பாவிடம் சொன்னேன். "பாதி வெந்ததுக்கா அவ்வளவு துட்டு குடுக்கானுவ? கிளம்புட்டி, நான் சாப்பிட்ட இடத்தைக் காட்டுதேன்" என்றார்.

அப்பா லாரி டிரைவராக இருந்தவர். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி, கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாகக் கேரளா போவார். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததோடு ஸ்டீயரிங்கை விட்டார்.

தென்காசியில் புனலூர் பஸ் ஏறினோம். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் செங்கோட்டையே திருவிதாங்கூரில்தான் இருந்தது. எங்க தாத்தா காலத்தில் ஃபாரின் இன்னும் பக்கம்! இப்போது புளியரை தாண்டி, மலை ஏறி, ஆரியங்காவைக் கடக்க வேண்டியிருக்கிறது.

தென்மலைக்கு முன்னால் ஒரு வளைவில் இறங்கினோம். போர்டில் எழுத்தெல்லாம் அழிந்துபோன கடை. நாலே மேசை. உள்ளே நுழைந்ததும் கல்லாவில் இருந்த பெரியவர் எழுந்துவிட்டார்.

"பாவூர் அண்ணாச்சியா! எத்ர நாளாயி!"

பதிமுகம் போட்ட இளஞ்சிவப்பு வெந்நீர் வந்தது. கேட்காமலேயே ரெண்டு தட்டு பரோட்டா, பீஃப் வறுவல். பூப்போல வேகவைத்த கறி, தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலை, மிளகு, தேங்காய்ப் பல்லோடு கறுக்கக் கறுக்க வறுபட்டிருந்தது.

அப்பா தன் தட்டை என் பக்கம் தள்ளினார். "எனக்கு ரெண்டு தோசை போதும். டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டாரு."

நான் சாப்பிடச் சாப்பிட, அவர் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீ ஒன்பதாப்பு படிக்கும்போது ஒரு மழை ராத்திரி. இங்கன வண்டி பிரேக்டவுன். கையில இருந்த துட்டெல்லாம் மெக்கானிக்குப் போயிட்டு. டீ மட்டும் கேட்டேன். இவரு முழுச் சாப்பாடு வச்சாரு. 'அடுத்த லோடுக்கு வரும்போது தந்தா போதும்'னாரு. என் பேருகூட அவருக்குத் தெரியாது."

வாயில் இருந்த கறி சட்டென்று இறங்கவில்லை. நான் எழுதிய எந்தப் பட்டியலிலும் இப்படி ஒரு கடை இல்லை. ஸ்டார் ரேட்டிங் பார்த்து, விலை பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். முகம் தெரியாத ஊர்க்காரனுக்குக் கடன் சொல்லிச் சோறு போடும் கடைக்கு எத்தனை ஸ்டார் கொடுப்பது?

கிளம்பும்போது பெரியவர் காசு வாங்க மறுத்தார். அப்பா அவர் சட்டைப் பையில் திணித்துவிட்டு வந்தார்.

எங்க வீட்டு அடுப்பில் பீஃப் ஏறியதே இல்லை, அம்மாவுக்கு ஆகாது. அதனால் பஸ்ஸிலேயே பேசிவைத்துக்கொண்டோம், 'குற்றாலம் போனோம்' என்று சொல்லிவிடலாம் என.

கதவைத் திறந்த அம்மா என் பக்கம் லேசாக மூக்கை உறிஞ்சினார். பிறகு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"அந்தக் கடை இன்னும் இருக்கா? நீங்க ஒண்ணும் சாப்பிடலையே?"