டர்ன்காக்கும் உதவிப் பொறியாளரும்

சிவில் படிக்கும் பிள்ளைகளிடம் அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மெட்ரோ ரயில் என்பார்கள், மேம்பாலம் என்பார்கள், துபாய் என்பார்கள். படிப்பை விட்டுக் கணினிப் பக்கம் போய்விடலாமா என்று சிலர் நம்மையே திருப்பிக் கேட்பார்கள். குடிநீர் என்று சொல்லும் பிள்ளையைக் காண்பது அரிது. என் நண்பரின் மகளும் அப்படிச் சொன்னவள் இல்லை. போட்டித் தேர்வு எழுதினாள். சென்னைக்கு வெளியே ஒரு நகராட்சியில் உதவிப் பொறியாளர் வேலை கிடைத்தது. அங்கே அவளுக்குக் கொடுத்தது குடிநீர்ப் பிரிவு. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, “மாமா, எனக்கு வேலை கத்துக்கொடுக்குறவர் பத்தாவது வரைக்கும் படிச்சவர். நீங்க ஒருநாள் வந்து பார்க்கணும்” என்றாள். போனேன்.

அவருக்கு நகராட்சிப் பதிவேட்டில் உள்ள பதவிப் பெயர் டர்ன்காக். ஊரில் ‘தண்ணி திறந்துவிடுறவர்’. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. விடியும் முன்பே டி.வி.எஸ். எக்ஸெல் வண்டியில், ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுகிறார். தெருமுனையில் சேம்பர் மூடியை நெம்பி எடுத்து, சாவியை உள்ளே இறக்கி, இரண்டு கையாலும் திருகத் தொடங்குகிறார். உதடு மட்டும் அசைகிறது. சுற்றுகளை எண்ணுகிறார். அந்த எட்டு அங்குல வால்வு முழுதாகத் திறக்க 27 சுற்று. அடுத்த தெருவில் இருப்பதற்கு 20. இன்னொன்று எல்லா வால்வுக்கும் நேர்மாறாக இடப்பக்கம் திருகினால்தான் மூடும். ஒன்றுகூட எங்கும் எழுதி வைக்கப்படவில்லை.

மூடும்போது அவர் காட்டும் நிதானம்தான் என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது. பாதிவரை வேகமாகத் திருகியவர், முடிவு நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றுக்கும் மூச்சு விட்டுக்கொண்டார். “கடைசி நாலு சுத்துலதான் தண்ணி அடங்கும் மேடம். அங்க அவசரப்பட்டா எங்கியோ ஒரு மூட்டு விட்டுரும்” என்று அவளிடம் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். இதைத்தான் அவள் மூன்றாம் ஆண்டில் சமன்பாடாகப் படித்திருக்கிறாள். நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீரை இரும்புக் குழாயில் சட்டென நிறுத்தினால், ஏறத்தாழ 100 மீட்டர் உயர நீர்நிரலின் அழுத்தம் அந்த நொடியில் எழும். ஜுகோவ்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890களின் கடைசியில் மாஸ்கோ நகரக் குடிநீர்க் குழாய்களில் சோதித்து நிறுவிய உண்மை அது. தெருக் குழாய்கள் தினசரி தாங்குவது அதில் சிறு பங்குதான். சமன்பாட்டைப் படிக்காத இவர் அதைத் தன் மணிக்கட்டில் வைத்திருக்கிறார்.

அவருடைய முன்னங்கையில் பழைய தீக்காயத் தழும்புகள் இருந்தன. கேட்டேன். வார்ப்பிரும்புக் குழாய்களை ஈயம் காய்ச்சி இணைத்த காலத்தில் வேலைக்கு வந்தவர். ஒரு குழாயின் வாய்க்குள் இன்னொன்றின் முனையைச் செருகி, இடைவெளியில் சணல் திரியை அடித்து இறக்கி, அதன்மேல் உருகிய ஈயத்தை ஒரே மூச்சில் ஊற்றி, ஆறியதும் உளியால் தட்டித் தட்டி இறுக்க வேண்டும். இடுக்கில் துளி ஈரம் இருந்தாலும் ஈயம் வெடித்துத் தெறிக்கும். மழைநாளில் உடைப்பு எடுத்தால் ஈரத்தைத் துடைப்பதற்கே பாதி நேரம் போகும் என்றார். இப்போது வரும் டக்டைல் அயன் குழாய்களுக்கு ரப்பர் வளையம் போதும். ஆனால் பழைய குழாய்கள் இன்னும் மண்ணுக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் உடைப்பு எடுக்கும்போது இந்தக் கைகளைத்தான் தேடி வருகிறார்கள்.

கசிவைக் கண்டுபிடிப்பது தனி வித்தை. ஊர் அடங்கிய நேரத்தில் ஒரு நீளக் கம்பியின் நுனியை வால்வின் தண்டில் வைத்து, மறுமுனையைக் காதோடு அழுத்திக் கேட்கிறார். எனக்கும் கொடுத்தார். எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இரைச்சல். அவருக்கு அதில் ஓடும் நீர் வேறு, பீறிடும் நீர் வேறு. பீறிடுவது பக்கத்திலா, தள்ளியா என்றும் தெரிகிறது. இப்போது மின்னணுக் கருவிகள் வந்துவிட்டன, அவையும் இதே ஒலியைத்தான் பிடித்துப் பெருக்கிக் காட்டுகின்றன.

அவள் ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறாள். நேரம் கிடைக்கும்போதெல்லாம் அவரோடு தெருத்தெருவாக நடந்து, ஒவ்வொரு வால்வும் இருக்கும் இடத்தைக் கைபேசியில் குறித்து, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் மூடும், கடைசியாக எப்போது பழுது பார்த்தது என்று பதிந்து, ஊரின் குழாய் வரைபடத்தைத் தயாரிக்கிறாள். அலுவலகத்தில் இருந்த வரைபடம் காகிதம் நைந்து போனது. அதில் இருக்கும் வால்வுகள் தெருவில் இல்லை. தெருவில் இருப்பவை அதில் இல்லை. தார் மேல் தார் போட்டுச் சாலை உயர்ந்ததில் பல மூடிகள் அடியில் போய்விட்டன. ஒரு சந்தில் அவர் நின்றார். அரச மரத்தடியிலிருந்து எட்டு வைத்து அளந்து, “இங்க தோண்டுங்க” என்றார். முழங்கால் ஆழத்தில் மூடி தட்டுப்பட்டது.

மரத்தை வெட்டியிருந்தால்? அவர் ஓய்வு பெற்றபின் இந்த வேலையைத் தொடங்கியிருந்தால்? ஓர் ஊரின் குடிநீர் அமைப்பைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி ஒருவரின் ஞாபகத்தில் இருக்கிறது, அவர் பென்ஷன் வாங்கும் நாளில் அது வீட்டுக்குப் போய்விடுகிறது. நான் பேசிய பொறியாளர்கள் யாரும் இதை மறுக்கவில்லை.

இந்தத் துறைக்குள் வர வாசல் பல. பி.இ. முடித்துத் தேர்வெழுதி வருபவர் உதவிப் பொறியாளர். அங்கிருந்து உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர், மேற்பார்வைப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று படி ஏறுகிறது. 1971இல் பிறந்த தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம், 1978இல் பிறந்த சென்னைக் குடிநீர் வாரியம், நகராட்சிகள், மாநகராட்சிகள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய இதே படிதான். சிவில் மட்டும் என்றில்லை. பம்புக்கு மெக்கானிக்கல், மோட்டாருக்கு எலெக்ட்ரிக்கல், ஆழ்துளைக் கிணற்றுக்கு நிலவியல், பரிசோதனைக்கு வேதியியல். இன்னொரு வாசல் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டரோ எலெக்ட்ரீஷியனோ படித்து, பம்ப் ஆபரேட்டராக வருவது. மூன்றாவது, படிப்பு அதிகமில்லாமல் தினக்கூலியாக மண்வெட்டியோடு வருவது. நம் டர்ன்காக் வந்த வழி அதுதான். தினக்கூலியாகச் சில ஆண்டுகள், நிரந்தரம் ஆனபின் டர்ன்காக், இப்போது அதே டர்ன்காக்காக ஓய்வு. முதல் வாசலில் வந்தவருக்கு மாடி உண்டு. மூன்றாவதில் வந்தவருக்குத் தரைத்தளம் மட்டும்தான்.

அவரிடம் உதவிக்கு ஓர் இளைஞன் இருக்கிறான். ஐ.டி.ஐ. ஃபிட்டர். ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறான். அவனுக்குப் பதிவேட்டில் பதவிப் பெயரும் இல்லை. “அண்ணன் போனப்புறம் இந்த ஏரியா நான்தான் சார் பார்ப்பேன், கான்ட்ராக்ட் மாறாம இருந்தா” என்றான்.

சென்னையில் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்கும் போனேன். தமிழ்நாட்டில் குடிநீரை ஒரு தொழிலாகக் கற்க விரும்புகிறவர்கள் பார்க்க வேண்டிய இடம் அது. ஃபிரேசர் என்ற பொறியாளரின் திட்டப்படி 1872இல் செங்குன்றம் ஏரி நீர் வாய்க்கால் வழியே கீழ்ப்பாக்கத்துக்கு வந்து, அங்கிருந்து வார்ப்பிரும்புக் குழாய்களில் நகருக்குள் இறங்கியது. வடிகட்டாத நீர். பிறகு மேட்லி என்ற பொறியாளர் பொறுப்பேற்று வடிகட்டிகளும் நிலத்தடித் தொட்டியும் பம்புகளும் அமைத்து, 1914இல் இந்த நிலையம் செயல்படத் தொடங்கியது. தியாகராய நகரின் மேட்லி சாலை அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அவர் போட்ட கணக்கு 1961இல் இருக்கக்கூடிய 6.6 லட்சம் மக்களுக்கு. ஆனால் 1961 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஐம்பது ஆண்டு முன்னோக்கிப் பார்த்துக் குழாய் போட வேண்டிய தொழில் இது. கணக்கு எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஊர் அதை மீறி வளர்ந்துவிடும்.

சுத்திகரிப்பு நிலையங்களின் ஆய்வகத்தில் நடக்கும் வேலையைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை. வரிசையாக ஆறு கண்ணாடிக் குடுவைகளில் ஏரி நீர். ஒவ்வொன்றிலும் படிகாரக் கரைசல் வேறு வேறு அளவில் விடப்படுகிறது. துடுப்புகள் முதலில் வேகமாகச் சுழன்று பிறகு மெல்ல அசைகின்றன. கலங்கல் பஞ்சு போலத் திரண்டு அடியில் உட்காருகிறது. எந்தக் குடுவையில் குறைந்த படிகாரத்தில் நீர் தெளிகிறதோ, அந்த அளவுதான் அன்றைக்கு நிலையம் முழுமைக்கும். மழை பெய்து ஏரி கலங்கினால் அளவு மாறும், கோடையில் பாசி வந்தால் மறுபடி மாறும். பிறகு குளோரின். நிலையத்தில் கலந்தால் மட்டும் போதாது, குழாயின் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும். காலராவும் டைபாய்டும் ஊருக்குள் வராமல் தடுக்கும் வேலியில் ஒரு பெரும் பகுதி இந்த 0.2தான். பி.எஸ்சி. வேதியியல் படித்த பெண்கள் இந்த வேலைக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இந்தத் துறையின் முழுத் திறனும் வெளியே தெரிந்தது 2019 கோடையில். ஏரிகள் வறண்டன. அப்போது வேலூர் மாவட்டத்திலிருந்த மேட்டுச்சக்கரகுப்பத்தில் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்ட நீரை எடுத்து, ஜோலார்பேட்டை ரயில் நிலையத்துக்குக் குழாய் போட்டு, 50 வேகன்களில் நிரப்பி வில்லிவாக்கத்துக்கு அனுப்பினார்கள். ஜூலை 12ஆம் தேதி முதல் ரயில் வந்தது, 25 லட்சம் லிட்டர். அந்த நீர் போய்ச் சேர்ந்த இடம் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். ஒரு வாரியத்தின் நீரை இன்னொரு வாரியத்தின் தொட்டிக்கு ரயில் மூலம் கொண்டுவர, குழாய் போட்டவர்கள், வால்வு வைத்தவர்கள், பற்றவைத்தவர்கள், இரவெல்லாம் நின்ற பொறியாளர்கள் என எத்தனை கைகள் வேலை செய்திருக்கும்! ரயிலின் படம்தான் எல்லாச் செய்தித்தாளிலும் வந்தது.

அடுத்த தலைமுறைக்கு வேலை வேறு திசையிலும் விரிகிறது. மீஞ்சூரில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் வந்தன, ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் நெம்மேலியில் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்று திறக்கப்பட்டது. உப்பைப் பிரிக்கும் சவ்வுகளைப் புரிந்தவர்கள், மின்செலவைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். ஆயிரம் லிட்டருக்கு மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் பிடிக்கும் வேலை இது. மீஞ்சூர் நிலையம், தனியார் நிறுவனம் கட்டி இயக்கி வாரியத்துக்கு நீர் விற்கும் ஒப்பந்தத்தில் வந்தது. இத்தகைய இடங்களில் கற்றுக்கொள்ளும் இளைஞர்களின் அனுபவம் பொதுத்துறைக்குள்ளும் சேர வேண்டும். இல்லையென்றால் ஒப்பந்தம் முடியும் நாளில் வாரியத்தில் அதை அறிந்தவர் இருக்கமாட்டார்.

வடிகால் பக்கத்தைச் சொல்லாமல் விட முடியாது. நல்ல நீரைக் கொண்டு சேர்க்கும் அதே துறைதான் கழிவு நீரையும் எடுத்துச் செல்கிறது. பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரைக் கழிவுக் குழிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தவர் குடும்பத்துக்குத் தரவேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் விஷவாயு தாக்கிச் சாவுகள் நடக்கின்றன, சாகிறவர்கள் பெரும்பாலும் தலித்துகள், பெரும்பாலும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அடைப்பெடுக்கும் ஜெட் இயந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் பயிற்சியும் நிரந்தர வேலையும் முதலில் கிடைக்க வேண்டியது இவர்களுக்கும் இவர்கள் பிள்ளைகளுக்கும்தான். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமில்லை.

கை வேலையில் இருப்பவர்கள் மேலே படிக்க வழி இல்லாமல் இல்லை. ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டிலேயே சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆனால் விடியற்காலை வால்வும் நள்ளிரவில் உடைப்புமாக ஓடும் ஒருவன், அதுவும் கான்ட்ராக்ட் அடுத்த ஆண்டு இருக்குமா என்று தெரியாதவன், எந்த நம்பிக்கையில் கல்லூரிக்குப் போவான்? வேலையோடு படிக்க விடுப்பும், படித்து முடித்தால் மேல் பதவியும் உறுதியாக வேண்டும். கை வேலையிலிருந்து வந்து பொறியாளர் ஆனவர்கள் ஒவ்வொரு நகராட்சியிலும் சிலராவது இருந்தால் இந்தத் துறையின் தரமே வேறாக இருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

நகராட்சி நிர்வாகத்திலும் வாரியங்களிலும் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். புதிதாகச் சேரும் உதவிப் பொறியாளரை முதல் ஆறு மாதம் டர்ன்காக்கோடு அனுப்புங்கள். ஓய்வு பெறப்போகும் ஒவ்வொருவரோடும் தெருவில் நடந்து அவர் அறிந்ததைப் பதிவு செய்ய ஒருவரை நியமியுங்கள். அந்த ஐ.டி.ஐ. பையனுக்குப் பதிவேட்டில் ஒரு பதவிப் பெயர் கொடுங்கள். சிவில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு: குடிநீர்ப் பிரிவு கிடைத்தால் இடமாற்றம் கேட்டு மனு எழுதாதீர்கள், முதலில் அந்த ஊரின் டர்ன்காக் யார் என்று விசாரித்துப் போய்ப் பாருங்கள்.